மாமாவுக்குப் போன சோதனை மெயில்கள்

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். குமுளி மலை கண்ணுக்கே தெரியவில்லை. துணி இரண்டாம் நாளாகக் காயாமல் நாறுகிறது.

புது வேலை வந்திருக்கிறது. தேனியில் திசு வாழைக் கன்று விற்கும் கம்பெனி. முதலாளி நந்தகுமார் சார். விவசாயி ஆர்டர் கொடுத்ததும் அவருக்கு ஒரு மெயில், கன்று வண்டி ஏறும் நாளில் ஒன்று, நட்ட பிறகு உரம் வைக்க ஞாபகப்படுத்தி ஒன்று. ஆள் உட்கார்ந்து அனுப்புவதில்லை, புரோகிராமே அனுப்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை:
– மெயில் சேவையில் கணக்கு (ஆயிற்று)
– தமிழ் எழுத்து உடையாமல் போகிறதா
– புளி, வெள்ளை எள்
– பிரிட்டோ வரும்போது பழைய கம்பளியைக் கொண்டுவரச் சொல்ல

கணக்கு புதிது. அதனால் மெயில் சேவைக்காரர்கள் கண்டவருக்கும் அனுப்ப விடுவதில்லை. ‘இது என் முகவரிதான்’ என்று லிங்க்கை அமுக்கி ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் போகும். என்னுடையது ஒன்று. வேறு பெயரில் இன்னொன்று வேண்டும். வீட்டில் வேறு யார்? என் வீட்டுக்காரர் பிரிட்டோ ஓசூரில், கம்பெனி ரூமில் நாலு பேரோடு, மாதம் இரண்டு தடவை வருகிறார். இங்கே கூடலூரில் நானும் மாமாவும்தான். மாமா, பிரிட்டோவின் அப்பா. போன வருடம் அத்தை இறந்த பிறகு அவரைத் தனியே விட முடியாது என்று என்னை இங்கே நிறுத்திவிட்டார்கள். லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாமே, உனக்கென்ன என்று.

மாமா போனில் பிரிட்டோ போட்டுக் கொடுத்த மெயில் இருக்கிறது. திறந்து பார்த்ததே இல்லை.

“ஒரு லிங்க் வரும் மாமா. அமுக்கிட்டாப் போதும்.”

“எம் பேருக்கா? கம்பெனிக்காரன் எனக்கு எதுக்கு லெட்டர் போடுறான்?”

“கம்பெனி இல்ல, நாந்தான் போடுவேன். டெஸ்ட்டுக்கு. அதுல ஒன்னும் இருக்காது, நீங்க பாக்க வேணாம்.”

“வந்துச்சா வரலையான்னு சொல்லணுமா ஆத்தா?”

“வேணாம் மாமா. எனக்கே தெரிஞ்சிரும்.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அமுக்கினார். சாயங்காலம் வாசலில் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மருமக வேலைக்கு எம் பேரத்தான் போட்டிருக்கா.”

அக்டோபர் 10, வெள்ளி

தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்தது. மதியம் வரை மண்டையிடி. இது தமிழ் எழுத்து என்று மெயிலின் தலைப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்பியதும் சரியானது.

இன்னொரு தொல்லை. அனுப்புவதெல்லாம் ஸ்பேமில் போய் விழுகிறது. என் பெட்டியிலும். மாமா தூங்கும்போது அவர் போனை எடுத்துப் பார்த்தேன், அங்கேயும் ஸ்பேம். அதற்கு மேலே படிக்காத மெயில் மலைபோல. தூக்குச்சட்டி விளம்பரம் முதல் கடன் வேண்டுமா வரை. சரி, இவர் பார்க்கப்போவதில்லை.

நீளமான தமிழ்ப் பத்தி வேண்டும், பாதியில் வெட்டுப்படாமல் போகிறதா என்று பார்க்க. ‘சோதனை சோதனை’ என்றே எத்தனை தடவை அடிப்பது. பக்கத்து அறையில் இருமல். காலையில் எழுந்ததிலிருந்து இருமல். அடித்தேன்:

‘அன்புள்ள சவரிமுத்து அவர்களுக்கு, தாங்கள் பதிவு செய்த ஐந்நூறு இருமல்கள் இன்று காலை அனுப்பப்பட்டன. மீதி மதியத்துக்குள் வீடு வந்து சேரும்.’

எனக்கே சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

அக்டோபர் 13, திங்கள்

மழை இல்லை. துணி காய்ந்தது.

மாமாவுக்குக் காபி வேண்டுமென்றால் கேட்க மாட்டார். அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். இன்று ஒரு போன் பேச்சின் நடுவே, நந்தகுமார் சார் லைனில், செருமல். எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து அதையும் டெஸ்ட்டில் போட்டேன். ‘காபி வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கலாம். செருமினால் ஓடிவர நான் வளர்ப்பு நாய் இல்லை.’

சாப்பாட்டின்போது பல்செட் சத்தம். அதற்கு ஒன்று. லோயர் கேம்ப் கதைக்கு ஒன்று. அங்கே கரண்ட் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். பெரிய குழாயில் தண்ணீர் இறங்கும்போது காலடியில் தரை அதிரும், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று உள்ளங்காலே சொல்லும். நல்ல கதைதான். முதல் தடவை.

எழுதினால் லேசாக இருக்கிறது. பிரிட்டோவிடம் சொன்னால் ‘வயசானவுக, விடு’ என்பார். இது யாரிடமும் சொல்லாமல் சொல்வது மாதிரி.

அக்டோபர் 15, புதன்

ஜெயித்தேன்! ஸ்பேம் தீர்ந்தது. கம்பெனி பெயரில் அனுப்ப இந்தச் சேவைக்கு அனுமதி உண்டு என்று அறிவிக்கும் மூன்று வரிகளைக் கம்பெனியின் இணைய முகவரிக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. நந்தகுமார் சார் மகன் உட்கார்ந்து சேர்த்தான். இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பினேன். நேரே இன்பாக்ஸில். சார் போனில், “கரெக்டா வந்து விழுதும்மா, டிங்குன்னு சத்தத்தோட” என்றார்.

கோழி வாங்கினேன். என் ஜெயத்துக்கு.

அக்டோபர் 18, சனி

தெருவில் இப்போதே வெடி. நாய்கள் பாவம்.

இன்று நீளமான ஒன்று அனுப்பினேன். ஓசூரில் பிரிட்டோ வீடு பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லி இந்த மாதமும் பார்க்கவில்லை. கோபம் அவர்மேல், எழுதியது மாமாவை. அத்தையைப் பற்றியும் ஒரு வரி வந்துவிட்டது. அதை இங்கே எழுத வேண்டாம். அனுப்பியிருக்கவும் கூடாது. சும்மா டெஸ்ட்தானே.

அக்டோபர் 21, செவ்வாய்

பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளி அதிரசம், முறுக்கு. மாமா முறுக்கைத் தொடவில்லை. பல்லுக்கு ஆகாது என்றார். போன வருடம் ஊறவைத்தாவது தின்றார்.

நாலைந்து நாளாகக் காபியை அவரே போட்டுக்கொள்கிறார். பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நனைத்தார். துடைத்தும் வைத்தார். நல்ல மாற்றம். மதியம் சாப்பிடக் கூப்பிட்டால், “நீ சாப்புடு ஆத்தா, நான் பெறகு” என்கிறார். பிறகு தனியே.

வீடு அமைதி. வேலை ஓடுகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

நல்ல மழை. மாமா குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நின்று இருமிவிட்டு வந்தார். சளி பிடிக்கும் என்றேன். “உள்ள புழுக்கமா இருக்கு” என்றார். மழையில் என்ன புழுக்கம்.

பிறகு கேட்டார்:

“அந்த லெட்டர் வேல எப்ப முடியும் ஆத்தா?”

“இன்னும் ஒரு வாரம் மாமா. எதுக்கு?”

“சும்மாதான். முடிஞ்சா உனக்கும் நிம்மதில்ல.”

அக்டோபர் 28, செவ்வாய்

மெயில் சேவைக்காரர்கள் முழு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி யாருக்கும் அனுப்பலாம். மாமா முகவரியை எடுத்துவிட்டேன். சார் சந்தோஷம். அடுத்த வாரம் நிஜ விவசாயிகளுக்கு.

பிரிட்டோ சனிக்கிழமை வருகிறார். கல்லறைத் திருநாளுக்கு லூர்து மதினியும் வருகிறார். மாமாவின் மூத்த மகள், வடுகபட்டியில் கட்டிக்கொடுத்தது. பூண்டு மொத்த வியாபாரம். வாங்க: மெழுகுவர்த்தி, சம்பங்கி, ஆட்டுக்கறி.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பூசை, பிறகு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு. அத்தை கல்லறையைப் பிரிட்டோ கழுவினார், நானும் மதினியும் பூ வைத்தோம். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகும் மாமா அங்கேயே நின்றார். மெழுகுவர்த்தி காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருந்தார். பிரிட்டோ போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவந்தார்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மாமா சொன்னார்:

“நான் லூர்து கூடப் போயி இருந்துக்கிறேன்.”

பிரிட்டோ: “எதுக்குப்பா? இங்கன என்ன குறை?”

“குறை ஒன்னுமில்ல. பூண்டு தரம் பிரிக்க அவளுக்கு ஆளு வேணும்ல.”

மதினிக்கே தெரியாது போல. “நான் கூப்புடலயேப்பா” என்றார். பிறகு, “வாரதுன்னா வாங்க, எனக்கென்ன.”

மாமா ஏற்கனவே பையைக் கட்டி வைத்திருந்தார்.

அடுப்படியில் மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். “எங்கப்பாவ என்ன சொன்ன? வீட்ட விட்டு ஒரு ராத்திரி தங்காதவுக.”

“நான் ஒரு வார்த்த சொன்னதில்ல மதினி.”

வெளியே கைகழுவிக்கொண்டிருந்த மாமா குரல் கொடுத்தார். “அந்தப் புள்ளைய எதுக்குக் கேக்குற? அது எங்கிட்ட ஒரு வார்த்த மொகம் சுளிச்சுச் சொன்னதில்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி எதிரில் எனக்காகப் பேசுகிறாரே என்று. நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். பிரிட்டோ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “லூர்துதான் கல்லறையில வச்சு ஏதோ சொல்லி இழுத்திருக்கா” என்றார். இருக்கலாம் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

எப்படி எழுதுவது.

வெயில். காலையில் நந்தகுமார் சார் கேட்டார், மெயிலை விவசாயிகள் திறந்து பார்க்கிறார்களா இல்லையா என்று நமக்குத் தெரியுமா என்று. தெரியும் சார் என்றேன். ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்கும். திறக்கும்போது அந்தப் படம் மெயில் சேவையிலிருந்து எடுக்கப்படும். யார் எப்போது திறந்தார் என்று அங்கே பதிவாகும். நான் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்ததே இல்லை. சாருக்குக் காட்ட ஒரு படம் எடுக்கலாம் என்று திறந்தேன்.

மாமாவின் முகவரி. திறக்கப்பட்டது. திறக்கப்பட்டது. திறக்கப்பட்டது. கீழே இழுக்க இழுக்க அதேதான். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு போனவை அத்தனையும். நான் ஸ்பேமிலிருந்து மீட்டு அவர் இன்பாக்ஸில் விழவைத்த அத்தனையும். டிங் என்ற சத்தத்தோடு. பழையதையும் தேடிப்போய்த் திறந்திருக்கிறார், ஐந்நூறு இருமலை.

பதினெட்டாம் தேதி அனுப்பியதைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார். தீபாவளியன்று. மழை நாளில். கல்லறைத் திருநாள் காலையில், பூசைக்குக் கிளம்பும் முன்.

எழுத வேண்டாம் என்று விட்ட வரி இதுதான்: ‘அத்தை செத்து இவரிடமிருந்து தப்பித்துக்கொண்டார். போதும் போதும் என்று காத்திருந்து போனார். மாட்டிக்கொண்டது நான்.’

காபி. முறுக்கு. குடை. தனியே சாப்பிட்டது. கதை ஒன்றுகூட இல்லாத இரண்டு வாரம். ஒவ்வொன்றையும் இந்த நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன், ‘நல்ல மாற்றம்’ என்று. ‘வீடு அமைதி’ என்று.

‘ஒரு வார்த்த சொன்னதில்ல.’ எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் கண் கலங்கினேன். என்ன பிறவி நான்.

சாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்கக் கூடாது. மாமா பாவம் என்று தோன்றவில்லை. அந்த போன் இப்போது வடுகபட்டியில் இருக்கிறது, மதினி மகள் காலேஜில் படிக்கிறாள், தாத்தா போனை நோண்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. காலை முழுக்க அந்தப் பயம்தான். பிறகுதான் மற்றது.

அழைக்கலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன். எண்ணைப் போடாமலே கீழே வைத்தேன். மெயில் எழுதினேன். அதே புரோகிராமிலிருந்து, வேறு வழி தெரியாத மாதிரி. ‘மாமா, என்னை மன்னியுங்கள். எழுதியதெல்லாம் தப்பு. திரும்பி வாருங்கள்.’ இரண்டே வரி. மற்றதற்கெல்லாம் பத்தி பத்தியாக வந்தது.

அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறது. திறக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

திறக்கவில்லை. நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்த்தேன். சாதம் வடிக்கும்போதுகூடப் போய்ப் பார்க்கிறேன்.

பிரிட்டோ போன். லூர்து மதினியோடு சண்டை போட்டிருக்கிறார். ‘அப்பாவ வேலைக்காரன் மாதிரி பூண்டு பொறுக்க விட்டிருக்கா. ஊருக்குள்ள என் மானத்த வாங்குறா. இனிமே அவ வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்’ என்றார். மதினி அழுதாராம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ம் என்றேன். இன்னொரு ம்.

நான் செய்ததை வேறு யார் செய்திருந்தாலும் காறித் துப்பியிருப்பேன்.

நாளை வடுகபட்டி போகிறேன்.

நவம்பர் 8, சனி

கம்பத்தில் ஒரு பஸ், தேனியில் ஒன்று, பெரியகுளத்தில் ஒன்று. மாமா விட்டுப்போன ஸ்வெட்டர், இருமல் மருந்து, ஒரு கிலோ பன்னீர்த் திராட்சை. தேனியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நின்றேன். பஸ் வந்துவிட்டது.

மதினி சந்தைக்குப் போயிருந்தார். மகள் காலேஜ். மாமா மட்டும் முன்கட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார், பெரிசு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“என்ன ஆத்தா, தனியாவா வந்த? சாப்புட்டியா?”

உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் மூன்று விதமாகத் தயார் செய்திருந்தேன். திராட்சையையும் மருந்தையும் எடுத்து வைத்தேன். நடுவே அவருக்கு இருமல் வந்தது. சட்டென்று எழுந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனார். அங்கே இருமி முடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“இங்கன யாரு மாமா இருக்கா? எதுக்கு எந்திரிச்சுப் போறீக?”

“பழகிப்போச்சு.”

அதற்கு மேல் தாங்கவில்லை.

“மாமா, அந்த மெயிலெல்லாம்...”

“அது மிஷினுக்குப் போடுறதுதான ஆத்தா. அதுல ஒன்னும் இருக்காதுன்னு நீதான சொன்ன.”

பூண்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆமாம் மாமா என்று சொன்னால் முடிந்தது. நான் அந்தப் பொய்யில் உட்கார்ந்துகொள்ள வசதியாக இடம் போட்டுக் கொடுத்த மாதிரி. ஒரு நொடி உட்காரலாமா என்றுதான் நினைத்தேன்.

“இல்ல மாமா. எல்லாம் நானா எழுதினது.”

“தெரியும்.”

இரண்டு பூண்டை எடுத்து எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தார்.

“பேத்தி போனப் புடுங்கி நோண்டும்னு வரும்போதே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நீ பயப்படாத.”

என் பயம் அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தலையைத் தூக்கவே முடியவில்லை.

“அப்புறமும் ஒன்னு வந்துச்சு. தொறக்கல” என்றார்.

“அது மன்னிப்புக் கேட்டு எழுதினது மாமா.”

“எனக்கெங்கிட்டுத் தெரியும். என்ன இருக்குமோன்னு பயந்துக்கிட்டு அப்படியே விட்டுட்டேன்.”

கையிலிருந்த பூண்டைச் சாக்கில் போட்டார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்:

“ஒன்னு கேக்கணும். நீ கோவிக்கக் கூடாது. உங்க அத்த உங்கிட்ட அப்பிடி எதும் சொன்னாளா? போதும் போதும்னு இருக்குன்னு?”

நான் அழுதது இங்கேதான்.

“ஒரு நாளும் சொன்னதில்ல மாமா. அது நான் எழுதுன பொய்யி. சத்தியமாப் பொய்யி.”

“இல்ல, கடைசியா ஆசுபத்திரில நீதான கூட இருந்த. என்னைய உள்ள விடல. எங்கிட்டச் சொல்ல முடியாதத உங்கிட்டச் சொல்லிருப்பாளோன்னு. நாப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவ. அப்பிடியா நெனச்சிருந்தான்னு அதையே எடுத்து எடுத்துப் படிச்சேன். வேற ஒன்னும் எனக்குப் பெருசில்ல. இருமலச் சொன்ன, சரி, இருமுறவன்தான.”

“அத்த உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. ‘மாமா சாப்ட்டாகளா, போயிப் பாத்துட்டு வா’ன்னு என்னைய வெளிய வெளிய அனுப்புனாக.”

இது உண்மை. நடந்தது. ஒரு வருடமாக இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. பொய்யை எழுதி அனுப்ப நேரம் இருந்திருக்கிறது.

“கேட்டாளா” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு மறுபடி, “கேட்டாளா.”

வீட்டுக்கு வாங்க மாமா என்றேன். தலையை ஆட்டினார், வருகிறேன் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

“கோவமா மாமா?”

“கோவமில்ல ஆத்தா. கூச்சமா இருக்கு. உங்கூட உக்காந்து சாப்புட்டா என் வாயி எப்பிடிப் போகுதுன்னே நெனச்சுக்கிட்டு இருப்பேன். கொஞ்ச நாள் போகட்டும்.”

மதினி வந்தார். பூண்டு வாசனையோடு என் கையைப் பிடித்தார். “தம்பிக்காரன் சண்டைக்கு நீ சமாதானமா? அவன்ட்டச் சொல்லு, அப்பாவ நான் இழுத்துட்டு வரலன்னு. ஒரு வேளை சோத்துக்குக்கூட நான் வேல வாங்கல. இவுகளாத்தான் உக்காந்து பிரிக்கிறாக.” கண் வீங்கியிருந்தது. மாமா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்றுதான் பார்த்தார். நான் சொல்லவில்லை. சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

சின்னமனூர் தாண்டும் வரை மாமாதானே வேண்டாம் என்றார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை.

நந்தகுமார் சார் மெசேஜ்: நாளையிலிருந்து நிஜ மெயில் போகலாமா. போகலாம் சார்.

பதினொரு மணிக்குப் பிரிட்டோவை அழைத்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம். லூர்து மதினி மேல் தப்பில்லை என்றேன். ‘அவளுக்கு நீ வேற வக்கீலா’ என்றார். உங்க அப்பா போனது என்னால் என்றேன். தண்ணீர் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை மெயில், லிங்க், ஸ்பேம், இன்பாக்ஸ். ஏன் எழுதினேன் என்பதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தேன், ஓசூர் வீடு, தனிமை. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்தினேன்.

“என்ன எழுதுன?” என்றார்.

“விடுங்க. அசிங்கமா இருக்கு.”

“உங்கிட்ட இன்னும் இருக்கா?”

“அனுப்பினதெல்லாம் என் பெட்டியிலயும் இருக்கு.”

“வாசி.”

“எல்லாத்தையுமா?”

“அப்பா எல்லாத்தையும்தான வாசிச்சாக.”

லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்நூறு இருமலிலிருந்து ஆரம்பித்தேன். என் குரலில் கேட்கும்போது அதில் சிரிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நாய், பல்செட், தரை அதிர்கிற கதை. எங்கேயாவது போதும் என்று சொல்லுவார் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினேன். சொல்லவில்லை. அத்தை வரிக்கு வந்தபோது நிறுத்திவிட்டேன். “ம், மேல” என்றார். வாசித்தேன். அதற்குப் பிறகும் பாக்கி இருந்தது. அதையும் வாசித்தேன்.

கடைசி வரை போதும் என்று சொல்லவே இல்லை.

முடிந்ததும், “மதினிட்ட நானே சொல்றேன்” என்றேன்.

“சொல்லு” என்றார். வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் மதினி வீட்டில்தான் இருப்பார். போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நான் சாப்பிடுவதற்கு முன்.